மறையும் இலச்சினையும் கறுக்கும் பெல்ற்றும்: நல்லூர்த் தோல் பட்டறை ஒன்றின் அச்சுச் சிக்கல்

நல்லூர்ப் பக்கத்தில் வீட்டோடு ஒட்டின ஒரு சின்னப் பட்டறை. நடத்துபவர் முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண், உதவிக்கு இரண்டு பேர். பேர்ஸ், பெல்ற், கீ டாக், தோள்பை எல்லாம் தோலில் செய்கிறார்கள். உள்ளூரில் விற்பது கொஞ்சம்தான். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்கள் சனம் ஊருக்கு வரும்போது வாங்கிக்கொண்டு போவதும், போன பிறகு சொல்லி அனுப்புவதும்தான் அவர்களின் பெரிய வியாபாரம். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கை ஓயாது.

எனக்குக் கொக்குவிலில் லேத் பட்டறை. நீர்ப்பம்பிச் சாமான், உழவு இயந்திரப் பாகம் என்று பெரும்பாலும் இரும்பு வேலை. கொம்பியூற்றரில் போட்ட படத்தின்படி உலோகம் வெட்டும் சின்னதொரு சி.என்.சி. மெஷினும் ஓடுகிறது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்தப் பெண் வந்திருந்தார். கொண்டுவந்த பையை மேசையில் கொட்டிவிட்டு, "அண்ணை, இந்த அச்சு சரியில்லை. இன்னும் ஆழமா ஒண்டு வெட்டித் தாங்கோ. பேர்ஸிலை போட்டது அழிஞ்சு போகுது, பெல்ற்றிலை போட்டது கறுக்குது" என்றார்.

ஒரே அச்சு ஒன்றில் மறைகிறது, மற்றதில் கறுக்கிறது. அச்சில் பிழை என்றால் இரண்டிலும் ஒரே பிழைதானே வரவேண்டும்? புது அச்சு வெட்டிக் கொடுத்துக் காசை வாங்குவது எனக்கு லேசான வேலை. ஆனால் அடுத்த மாதமும் இதே பையோடு வந்து நிற்பார் என்று தெரிந்தது. "இருங்கோ தங்கச்சி, முதலிலை சாமானைப் பாப்பம்" என்றேன்.

மேசையில் கிடந்தவை

காப்பித்தூள் நிறத்துப் பேர்ஸ்கள். அவற்றில் பனைமரமும் கீழே பெயரும் பதித்திருக்கிறார்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் சரித்துப் பிடித்தால் மரத்தின் அடி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பதித்த அன்று நல்ல வடிவாக இருந்ததாம். பின் பொக்கற்றில் வைத்துப் பாவித்த சில வாரத்தில் போய்விட்டதாம்.

பெல்ற்றுகளில் பதிவு ஆழமாகவே இருந்தது. ஆனால் எழுத்துகளைச் சுற்றி நீலம் கலந்த கறுப்பு நிழல் படர்ந்திருந்தது. மழைக்காலத்தில் அனுப்பியவை என்பதால் வாங்கியவர்கள் பூஞ்சணம் என்றே நினைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

கீ டாக்குகளில் மூன்றாவது ஒரு பழுது இருந்தது. அதை அவர் சொல்லவே இல்லை, பழகிவிட்டது போலும். பதித்த இடம் மட்டும் ஓடுபோல இறுகியிருந்தது. வளைத்தால் எழுத்தின் விளிம்போடு வெடித்தது.

பதிக்கும் முறையைக் கேட்டேன். அச்சு மைல்ட் ஸ்ரீல், ஒரு கம்பியில் ஒட்டுவைத்தது. தோலைக் கிணற்றுத் தண்ணீரில் தோய்த்த ஸ்பொஞ்சால் நனைப்பார்கள். அச்சைக் காஸ் அடுப்பில் காய்ச்சுவார்கள். தோசைக்கல்லுக்குப் பார்ப்பதுபோல ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சுர்ரென்று ஓடினால் சூடு சரி. பிறகு சுத்தியலால் ஒரு அடி. எல்லாச் சாமானுக்கும் இதே முறைதான்.

வெட்டு முகம்

புது பிளேட் எடுத்து ஒரு பேர்ஸின் ஓரத்தையும் ஒரு பெல்ற் துண்டையும் சரிவாக வெட்டினோம். பெல்ற் மேலிருந்து கீழ்வரை ஒரே மண்ணிறம். பேர்ஸில் மேலும் கீழும் காப்பி நிறம், நடுவில் சாம்பல் நீலத்தில் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் பாதி விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் அவர் கண்ணால் பார்த்து நம்பவேண்டும் என்று, தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலில் தண்ணீர் கொதிக்க, இரண்டிலும் ஒரு சின்ன வார் வெட்டிப் போட்டேன். பெல்ற் வார் போட்ட கையோடு சுருண்டு, பாதியாய்க் குறுகி, வெளியே எடுத்தபோது குச்சிபோல இருந்தது. பேர்ஸ் வார் போட்டபடியே மிதந்தது. எடுத்துப் பிழிந்தால் பழைய அளவு, பழைய மெது.

பெல்ற் தாவரச் சாறில் பதனிட்ட தோல். மரப்பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புத்தான் அதைத் தோலாக்குகிறது. தமிழ்நாட்டில் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று பெயரெடுத்த தோலுக்கு ஆவரசம் பட்டையும் கடுக்காயும்தான் பழைய சரக்கு, இப்போது வாட்டில் மரப்பட்டைச் சாறும் சேர்கிறது. பேர்ஸ் குரோம் உப்பில் பதனிட்டது, நடுவில் தெரிந்த சாம்பல் நீலம் அந்தக் குரோமின் நிறம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரவத் தொடங்கிய அந்த முறையில்தான் இன்று உலகத்துத் தோலில் பெரும்பகுதி பதனிடப்படுகிறது. வேலை கெதியில் முடியும், தோல் மெதுவாக இருக்கும், கொதிநீரையும் தாங்கும்.

அச்சுப் போடுபவனுக்கு இவை இரண்டும் வேறு வேறு பொருள். தாவரத் தோல் ஈரத்தில் இளகும். நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, அழுத்தின இடத்தில் படிந்து, காய்ந்ததும் அப்படியே நின்றுவிடும். குரோம் தோலின் நார்களைக் குரோமியம் இழுத்துக் கட்டி வைத்திருக்கிறது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். அதற்குமேல் நிறப்பூச்சு இருந்தால் ஈரம் உள்ளே போகவே போகாது. சூடான அச்சு அந்தப் பூச்சை மட்டும் கொஞ்சம் உருக்கிவிட்டு வருகிறது. அன்றைக்கு வடிவாகத் தெரிந்தது அதுதான். பொக்கற்றின் சூட்டிலும் வளைவிலும் அடியில் உள்ள தோல் பழையபடி நிமிர, பதிவு காணாமல் போகிறது. அச்சை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் இது மாறாது.

கொழும்பில் வாங்கும்போது இரண்டும் "ஒரிஜினல் லெதர்" என்றே வந்திருக்கின்றன. அதில் பொய்யும் இல்லை.

கறுப்பு

பெல்ற்றில் இருப்பது பூஞ்சணமா என்று பார்க்க ஸ்பிரிற் தோய்த்த துணியால் துடைத்தேன். பூஞ்சணம் என்றால் துணியோடு வந்திருக்கும். வரவில்லை. தேசிக்காய் ஒன்றை வெட்டி அந்த நிழலில் இரண்டு சொட்டுப் பிழிந்தேன். ஒரு நிமிடத்துக்குள் கறுப்பு பழுப்பாகி, பழுப்பு தோலின் நிறத்துக்குத் திரும்பியது. அவர் என்னைப் பார்த்தார். நான் அச்சைக் காட்டினேன்.

கடுக்காய்ச் சாறில் அன்னபேதி போட்டால் மை கறுக்கும். ஏடு எழுதிய காலத்திலிருந்து எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த சங்கதி. அன்னபேதி இரும்பு உப்பு. தாவரத் தோலுக்குள் துவர்ப்பு நிரம்பிக் கிடக்கிறது, தோலும் சற்றுப் புளிப்புத்தன்மை உள்ளது. அதை நனைத்து மேலே இரும்பை வைத்தால், கொஞ்சம் இரும்பு கரைந்து துவர்ப்போடு சேர்ந்து அதே மைதான் பிறக்கும். உறுதிப்படுத்த ஒரு பெல்ற் துண்டை நனைத்து, ஒரு பக்கம் இரும்பு ஆணியும் மறுபக்கம் பித்தளைத் துண்டும் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போனோம். பின்னேரம் எடுத்தால் ஆணி கிடந்த இடத்தில் ஆணியின் படம் கறுப்பாய் விழுந்திருந்தது. பித்தளைக்கு அடியில் ஒன்றுமில்லை.

என் பட்டறையில் இன்னொன்றும் நடந்தது. ஈரத்தோலை மேசையில் வைத்த கொஞ்ச நேரத்தில் மிளகுப்பொடி தூவினதுபோலக் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. லேத்தில் பறக்கும் இரும்புத் தூள். தோல் வேலையும் இரும்பு வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடங்களில் இதைக் கவனிக்க வேண்டும். அரம், கத்தி, தகர வாளி எல்லாமே சந்தேகத்துக்குரியவை.

தண்ணீரையும் மாற்றச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை, கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். நனைத்த தோல் காயும்போது ஈரம் நின்ற ஓரத்தில் அந்த உப்பு வெள்ளைக் கோடாய்த் தங்கும். பெல்ற்றுகளில் அதுவும் இருந்தது, கறுப்புக்குப் பக்கத்தில் எடுபடாமல் போயிற்று. பிளாஸ்ரிக் பரலில் பிடித்த மழைத் தண்ணீர் போதும்.

திரும்பி வந்த பெல்ற்றுகளில் கறையைத் தேசிக்காய்ச் சாறால் எடுத்தோம். அதிகம் விட்டால் அந்த இடம் வெளுக்கும், தோலும் காயும். ஆகவே தொட்டு, உடனே நல்ல தண்ணீரால் ஒற்றி எடுத்து, காய்ந்ததும் மெழுகு. கறள் எடுக்க விற்கும் ஒக்சாலிக் அமிலமும் இதைச் செய்யும். அது நஞ்சு, வீட்டோடு இருக்கும் பட்டறையில் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஈரம் வேண்டுமா, சூடு வேண்டுமா

கீ டாக் வெடித்ததற்குக் காரணம் கேத்தலுக்குள்ளேயே கிடந்தது. தாவரத் தோல் நனைந்திருக்கும்போது 70, 80 பாகை செல்சியஸ் அளவிலேயே சுருங்கத் தொடங்கும். காய்ந்த தோல் அதைவிட நன்றாகக் கூடிய சூட்டைத் தாங்கும். இவர்கள் செய்தது தோலை நன்றாக நனைத்து, அடுப்பில் காய்ச்சிய இரும்பை வைத்தது. தோல் அந்த இடத்தில் வெந்துவிட்டது. தடித்த பெல்ற்றில் மேல்ப்படை மட்டும் வெந்ததால் தெரியவில்லை, மெல்லிய கீ டாக்கில் அடிவரை வெந்திருக்கிறது.

ஆகவே ஒன்றில் ஈரத்தில் குளிராகப் பதிக்க வேண்டும், அல்லது காய்ந்த தோலில் சூடாகப் பதிக்க வேண்டும். இரண்டையும் சேர்க்கக்கூடாது.

குளிர்ப் பதிவுக்கு எவ்வளவு ஈரம் என்பதைக் கையில்தான் பழக வேண்டும். நனைத்தவுடன் தோல் கறுக்கும். அப்படியே விட்டு, நிறம் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பும்வரை பொறுக்க வேண்டும். அப்போது கன்னத்தில் வைத்தால் குளிரும். கண்ணுக்குக் காய்ந்ததாகவும் கன்னத்துக்கு ஈரமாகவும் இருக்கும் அந்த வேளைதான் பதம். அதற்கு முன் பதித்தால் தண்ணீர் பிதுங்கி எழுத்தின் விளிம்பு ஊதும், பிந்தினால் ஆழம் வராது. அவருடைய உதவியாளர்களில் ஒருவர், கொஞ்சம் வயதான ஐயா, இதை ஒரே பின்னேரத்தில் பிடித்துக்கொண்டார்.

மெல்லிய தாவரத் தோலுக்குச் சூட்டுப் பதிவு. பித்தளைக் கட்டை ஒன்றுக்குள் குச்சி ஹீற்றர், அதோடு வெப்ப உணரியும் ரெம்பரேச்சர் கொன்ரோலரும். 90 பாகையில் தொடங்கி, கழிவுத் துண்டில் பார்த்துப் பார்த்து ஏற்றினோம். 100க்குக் கிட்ட, நாலைந்து விநாடி பிடித்தால் விளிம்பு கருகாமல் ஒரு மெல்லிய கருமை வருகிறது. இதற்கு மை தேவையில்லை, பார்க்க நல்ல வடிவு. ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொன்ரோலர் காட்டுவது கட்டையின் சூடு, அச்சின் முகம் அதைவிடக் குறைவாக இருக்கும். எண் வந்தவுடன் பதிக்கத் தொடங்கினால் முதல் சில துண்டுகள் மங்கலாகத்தான் வரும். மின்சாரம் 230 வோல்ற், கையில் பிடிப்பது உலோகம். எர்த் கம்பி இல்லாமல் தரமாட்டேன் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

சுத்தியலை எடுத்துவிட்டோம். அடித்தால் அச்சு துள்ளி, பனைக்கு இரண்டு முடி வரும். இழுத்து மூடின ஒரு புத்தகம் கட்டும் இடத்திலிருந்து பழைய திருகு அழுத்தி ஒன்றை எடுத்து, அடியில் மாபிள் துண்டு வைத்தோம். அழுத்தத்தைப் பற்றி ஒரு கணக்கு. அச்சில் தோலைத் தொடும் மேடு சுமார் ஒன்றரைச் சதுர சென்ரிமீற்றர். அரைத் தொன் அழுத்தினால் சதுர சென்ரிமீற்றருக்கு 330 கிலோவுக்குமேல் விழும். இந்த அளவு இலச்சினைக்கு அது தாராளம். அதற்குமேல் இறுக்கினால் ஆழம் கூடாது, தோலின் பின்பக்கம் தள்ளும். உள்துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த பிறகு பதிப்பதையும் நிறுத்தச் சொன்னேன். அடியில் மெது இருந்தால் அழுத்தம் முழுவதையும் அதுவே குடித்துவிடும்.

பனையும் எழுத்தும்

அச்சே வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. இரும்புக்குப் பதில் பித்தளை வேண்டும் என்பது தெளிவாயிற்று. வெட்டமுன் படத்தைப் பார்த்தேன். கொம்பியூற்றர் திரையில் பார்க்க நல்ல படம்தான். பனையின் ஒவ்வொரு ஓலையும் மயிரிழைபோலப் பிரித்து வரைந்திருந்தது, வட்டுக்குக் கீழே மட்டைச் சிராய்கூட இருந்தது. 20 மில்லிமீற்றர் உயரத்துக்குச் சுருக்கினால் அந்த இழைகளுக்கு நடுவே தோல் எழும்ப இடமே கிடையாது. எல்லாம் சேர்ந்து ஒரு கட்டியாய் விழும். தோலின் முகத்திலும் மணிமணியாய் ஒரு நுண்ணிய சொரசொரப்பு இருக்கிறது, அதைவிட மெல்லிய விபரம் எதுவும் அதில் நிற்காது. மேடும் இடைவெளியும் அரை மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு, ஓலைகளை ஏழாகக் குறைத்தோம். சிராய் போயிற்று. அவருக்கு மனமில்லை. ஆனால் தள்ளி வைத்துப் பார்த்தால் இப்போதுதான் பனை பனையாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

எழுத்து இன்னும் கஷ்டம். பெயரில் ஒரு ணகரமும் இரண்டு புள்ளியும் உண்டு. ஆங்கில எழுத்து வைக்கிறவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. நாலு மில்லிமீற்றர் உயரத்தில் 'ண' எழுதினால் சுழிக்குள்ளும் கால்களுக்கு நடுவிலும் கால் மில்லிமீற்றர்தான் மிஞ்சும். சுழி அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். எழுத்தை அகலமாக்கி, சுழியைத் திறந்து, கோட்டின் தடிப்பை எங்கும் ஒரே அளவாக வைத்து மறுபடி வரைந்தோம். புள்ளி வேறு விதமான தொல்லை. அச்சில் அது தனித்து நிற்கும் ஒரு சின்னத் தூண். மற்ற மேடுகள் ஒன்றையொன்று தாங்கும், இது தனியே நின்று தோலைத் துளைக்கும், அல்லது தானே வளையும். பழைய அச்சில் ஒரு புள்ளி ஏற்கெனவே சாய்ந்திருந்தது. ஏட்டில் எழுதியவர்கள் ஓலை கிழியும் என்று புள்ளியையே வைக்காமல் விட்டார்கள் என்பார்கள். பேர்ஸில் அப்படி விட்டால் பெயர் மாறிப்போகும். ஆகவே ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட அகலமாக்கி, அடியைச் சரிவாக விரித்து, எழுத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தோம்.

பித்தளையில் இரண்டு மில்லிமீற்றர் ஆழம், சுவர்கள் சரிவு. சி.என்.சி. வெட்டின விளிம்பு கத்திபோல இருக்கும், அப்படியே பதித்தால் தோலின் முகத்தை அறுத்துவிடும். அதை மெல்லிய எமெரித் தாளால் ஒருமுறை முறித்து, முகத்தைக் கண்ணாடியாக்க வேண்டும், வெட்டுத் தடம் ஒன்று மிஞ்சினாலும் தோல் அதை அப்படியே காட்டும். இந்தக் கடைசி வேலையை நான் செய்யவில்லை. கன்னாதிட்டியில் நகை வேலை செய்யும் ஒரு பத்தரிடம் கொடுத்தோம். பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, நகைக்குச் செய்யும் அதே பக்குவத்தோடு செய்து தந்தார். பித்தளை வேலையில் அவர்கள் கை எங்களுக்கு வராது.

குரோம் தோலுக்கு என்ன செய்வது

பேர்ஸுக்கு மெது வேண்டும், நிறம் வேண்டும். குரோம் தோலை விடமுடியாது. என் யோசனை, அதில் பதிக்கவே வேண்டாம் என்பது. தாவரத் தோலில் சின்னத் துண்டுகளாகப் பதித்து, அதைப் பேர்ஸில் வைத்துத் தைக்க வேண்டும். "ஒட்டுப் போட்ட மாதிரி இருக்காதோ அண்ணை?" என்றார். ஜீன்ஸின் இடுப்பில் இருக்கும் தோல் துண்டைக் காட்டினேன். அதை ஒருவரும் ஒட்டு என்று சொல்வதில்லை.

துண்டுகளுக்காக எடுத்த உள்ளூர் மாட்டுத் தோலில் குறி சுட்ட தழும்பு ஒன்று இருந்தது, சொந்தக்காரரின் எழுத்து. அந்தப் பகுதியை அவர் கழித்துவிட்டார். என்னிடம் விட்டிருந்தால் ஒரு தோள்பையின் முகப்பிலேயே வைத்திருப்பேன். அவருக்குப் பிடிக்கவில்லை, வாங்குபவர்களை அவருக்குத்தான் தெரியும்.

கலியாண ஓர்டருக்குத் தங்க நிறம் கேட்பவர்களுக்குப் பொயில் தாள் வைத்துச் சூட்டில் பதிக்கலாம், அது குரோம் தோலிலும் பிடிக்கும். ஆனால் மேலே மெழுகோ சிலிக்கோனோ பூசியிருந்தால் உரிந்துவிடும். முதலில் ஒரு மூலையில் பதித்து, ஒட்டு நாடாவால் இழுத்துப் பார்க்க வேண்டும். லேசரில் சுடுவதைப் பற்றியும் கேட்டார். தாவரத் தோலில் செய்யலாம், மயிர் கருகின மணத்தைச் சகித்தால். குரோம் தோலைச் சுட வேண்டாம் என்றேன். கூடிய சூட்டில் அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மையுள்ள ஆறாம் நிலைக்கு மாறக்கூடும். உடம்பில் படும் தோல் சாமானில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல் சட்டம் இருக்கிறது. இவருடைய பார்சல்களில் சில பாரிஸுக்கும் ஜெர்மனிக்கும் போகின்றன.

இப்போதைய நிலை

புதிதாகத் தோல் வந்தால் முதலில் ஒரு வார் கேத்தலுக்குள் போகிறது. சுருண்டது ஒரு அலுமாரித் தட்டில், சுருளாதது மற்றத் தட்டில். பெல்ற்றுகளில் கறுப்பு வரவில்லை, வெள்ளைக் கோடும் இல்லை. தைத்த துண்டு வைத்த பேர்ஸ்கள் திருவிழாவுக்குப் போய்விட்டன, இதுவரை ஒன்றும் திரும்பவில்லை. கீ டாக்குகளுக்குக் குளிர்ப் பதிவு மட்டும்.

ஒரு சிக்கல் மிஞ்சியிருக்கிறது. பதித்த பிறகு பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசும் பழக்கம் அங்கே இருக்கிறது. எண்ணெய் கூடினால் நார்கள் மறுபடி இளகிப் பதிவின் விளிம்பு மழுங்குகிறது, தோலும் கறுக்கிறது. தேன்மெழுகு கலந்த பூச்சை மெல்லியதாகப் பூசச் சொல்லியிருக்கிறேன். அந்த ஐயா இன்னும் எண்ணெயைத்தான் எடுக்கிறார்.

இலச்சினையைப் பதிவுசெய்வது பற்றியும் கதைத்தோம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி வியாபாரக் குறியைப் பதியலாம், பதிவு 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். சர்வதேச வகைப்படுத்தலில் பேர்ஸும் பையும் 18ஆம் வகுப்பு, இடுப்பில் கட்டும் பெல்ற் 25ஆம் வகுப்பு. இவர் பழைய பனையோடு 18ஆம் வகுப்புக்கு மட்டும் விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தார். நல்லகாலம், அனுப்பவில்லை. ஏழு ஓலைப் பனையையும் திருத்தின எழுத்தையும் வைத்து, இரண்டு வகுப்புக்கும் புதிதாக நிரப்பிக்கொண்டிருக்கிறார்.